ஊதா தெரிஞ்சா கை வைக்காதீங்க

இலையை மட்டும் பார்த்து அந்த இரண்டு செடிகளில் எது எது என்று சொல்லிவிட முடியாது. காம்பிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும் நரம்புகள் இரண்டு செடிக்கும் உண்டு. இரண்டும் இடுப்பளவு வளரும், இரண்டும் காட்டோரத்தில்தான் நிற்கும். ஒன்று இந்தத் தீவின் காட்டுக்கே சொந்தமானது. மலாய்க்காரர்கள் அதைச் செந்துடோக் என்பார்கள். மற்றது எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து, பறவை தின்று போட்ட விதையில் முளைத்து, காட்டுச் செடிகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டதாம். ஒன்றை விட்டுவைக்க வேண்டும். மற்றதை வேரோடு எடுக்க வேண்டும். அந்த வாரம் எங்களுக்கு அதுதான் வேலை.

உட்லண்ட்ஸ் பக்கம், அடுக்குமாடி வீடுகள் முடிந்து காடு தொடங்கும் ஒரு சரிவு. முதல் நாள் இரவு பெய்த மழையில் மண் வழுக்கியது. நாங்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள், தமிழன் நான் ஒருவன்தான். சூப்பர்வைசர் இந்த ஊரிலேயே பிறந்து படித்த தமிழ்ப் பெண். எல்லாரையும் கூட்டி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். கைப்பேசியை உயர்த்திப் படம் காட்டினார். நான் எப்போதும் பின்னால் நிற்கிறவன். யாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பழக்கமில்லை. நான் நின்ற இடத்திலிருந்து கைப்பேசியின் கண்ணாடியில் வெயில்தான் தெரிந்தது.

லாரி ஓட்டுநர் என் பக்கத்தில் சிகரெட்டைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஜோகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிற தமிழர்.

"அண்ணே, வெளியூர்லேர்ந்து வந்ததெல்லாம் புடுங்கிப் போடணுமாம். நாம ரெண்டு பேரும் பேசாம லாரிக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவோம் லா."

"நீங்க மொதல்ல அந்த லாரிய நிழல்ல போடுங்க" என்றார் சூப்பர்வைசர். பிறகு தனியாக என்னிடம் வந்தார். எப்போதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபின் எனக்காக ஒரு தடவை தமிழில் சொல்லுவார். அது அவர் செய்யத் தேவையில்லாத வேலை.

"அண்ணே, ரெண்டு செடியும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், குழம்பிடாதீங்க. ஊதா தெரிஞ்சா கை வைக்காதீங்க. அது நம்ம காட்டுச் செடி. மத்ததெல்லாம் வேரோட எடுத்துடுங்க."

"சரிங்க மேடம்."

"புரிஞ்சுதா?"

"ஊதா இருந்தா விட்டுறணும்."

"கரெக்ட்" என்றார்.

மற்றவர்களைச் சரிவின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, இந்தப் பக்கத்தை என்னிடம் விட்டார். தனியாக வேலை செய்வது எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். என் வேலை பெர்மிட் முடியப் போகிறது. அதைப் புதுப்பிக்கலாம் என்று அவர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தக் கம்பெனி ஒரு தடவை அனுப்பிவிட்டால் மறுபடி என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரையாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கணக்கு.

சரிவில் இறங்கிப் பார்த்தேன். அடையாளம் சுலபமாகவே கிடைத்தது. சில செடிகளில் கொத்துக் கொத்தாகப் பழம் பிடித்திருந்தது. மேலே மெல்லிய முடி, பட்டாணி அளவு, நல்ல ஊதா. அந்தச் செடி ஒன்றையும் நான் தொடவில்லை. மழையில் சாய்ந்து கிடந்த ஒன்றைக் குச்சி நட்டு நிமிர்த்திக்கூட வைத்தேன்.

மற்றவற்றில் பூ இருந்தது. ஐந்து இதழ், கத்தரிப்பூவின் அதே நிறம், நடுவில் அதே போல மஞ்சள். கத்தரிப்பூவைவிடப் பெரியது, அதைவிட அழகு. வெடித்த காய்களுக்குள் இருந்த கறுப்புச் சாறு விரலில் ஒட்டியது. பிடுங்கும்போது மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆற்றை மூடிக் கெடுக்கும் ஆகாயத்தாமரையும் இதே நிறத்தில்தான் பூக்கும், பார்க்கக் கண் நிறையும். கெடுக்க வந்த செடி அழகாக இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன. மண்வெட்டியை வேருக்கு அடியில் கொடுத்து நெம்பி நெம்பி எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்காரவில்லை. மாலைக்குள் என் பக்கம் முழுவதும் முடிந்துவிட்டது. பூவெல்லாம் வாடி, குவியலாகக் கிடந்தது.

சூப்பர்வைசர் வந்து சரிவின் மேலே நின்றார். என் குவியலைப் பார்த்தார். நான் நன்றாகச் செய்திருக்கிறேன் என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன்.

"அண்ணே, ஊதாவ விட்டுடச் சொன்னேன்ல."

"விட்டுட்டேன் மேடம். ஒண்ணையும் தொடல. எல்லாம் அப்படியே நிக்கிது பாருங்க."

நான் பழச் செடிகளைக் கையால் காட்டினேன். அவர் இறங்கி வந்து ஒரு பழத்தைப் பறித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன கலர் அண்ணே?"

"ஊதா."

"இதுவா?"

"ஆமா மேடம்."

பிறகு குவியலிலிருந்து ஒரு பூவை எடுத்தார். "இது?"

"கத்தரிப்பூ கலரு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. நோயாளியைப் பார்க்கிற பார்வை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, மற்றவர்கள் கேட்காதபடி சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கலர் சரியா தெரியுதா? சில பேருக்குப் பிறந்ததுலேர்ந்தே அப்படி இருக்கும். அவங்களுக்கே தெரியாது."

நான் தரையைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும், அவர் படித்தவர். இருக்கலாம் மேடம் என்று சொன்னேன்.

அந்தச் சரிவைச் சில வருடங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நட்ட கன்றுகளும் அதில் இருந்தன. வேலையைக் கொடுத்தவர்கள் மறுநாளே பார்க்க வந்தார்கள். கம்பெனி என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். கவனக்குறைவு என்று எழுதினால் நான் உடனே போக வேண்டியதுதான். அதனால்தான் சூப்பர்வைசர், இவருக்குக் கண்ணில் குறை இருக்கலாம் என்று எழுதினார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார். அதை நான் இன்றுவரை சந்தேகித்ததில்லை.

சேஃப்டி ஆபிசர் என்னைக் கூப்பிட்டார். வயதான சீனர், முரட்டு ஆள் கிடையாது. கன்டெய்னர் ஆபீசில் மேசைமேல், மரங்களில் அடையாளம் கட்டும் பல நிற நாடாச் சுருள்களை வரிசையாக வைத்திருந்தார். மொழிபெயர்க்க லாரி ஓட்டுநரை உட்கார வைத்திருந்தார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, பயப்படாதீங்க லா. இங்கிலீஷ்ல சொல்ல வேணாம். தமிழ்லயே சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார் ஓட்டுநர்.

ப்ளூ என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஓட்டுநர் தமிழில் கேட்டார், தமிழில் சொன்னேன். சிவப்புக்குச் சிவப்பு என்றேன். ரெட் என்றார் அவர். மஞ்சள், பச்சை இரண்டும் சரியாகப் போயின. அடுத்ததற்கு ஊதா என்றேன்.

"பர்ப்பிள், பாஸ்."

ஆபிசர் நாடாவை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பர்ப்பிள் என்ற சொல்லை நான் அதற்குமுன் காதில் வாங்கியதில்லை. கத்தரிப்பூ நிறத்தை எங்கள் பக்கம் இங்கிலீஷில் வயலட் என்பார்கள். பர்ப்பிள் என்பது ஊதாவுக்கு இன்னொரு பேர்போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சுருளைக் காட்டினார்.

"கத்தரிப்பூ" என்றேன்.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, காய்கறிக் கடையா வச்சிருக்காரு. கலரு சொல்லுங்க."

"அதான், கத்தரிப்பூ கலரு."

அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, ஆபிசர் சிரிக்கவில்லை. சுருள்களைக் கலைத்துவிட்டு மறுபடி கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். இன்னொரு தடவையும் கலைத்தார். மாற்றிச் சொன்னால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்களே என்று, அப்போதும் அதையேதான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்கே புல்வெட்டும் மெஷினை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். துடைப்பம் கொடுத்தார்கள். பெர்மிட் விஷயத்தை ஆபீஸ் பார்த்துச் சொல்லும் என்றார்கள்.

நாங்கள் தங்கியிருந்த டார்மிட்டரியில் செய்தி எனக்குமுன் போய்ச் சேர்ந்திருந்தது. என் அறையில் எல்லாரும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். கொடியில் காயும் சட்டைகளைக் காட்டிக் காட்டிக் கேட்டார்கள்.

"மாமா, இது என்ன கலரு?"

"ஊதா."

"இது?"

"செங்கல் கலரு."

"எல்லாம் சரியாத்தானே சொல்றாரு. ஆபீஸ்ல போயி என்னத்த ஒளறுனீக?"

"இதத்தான் சொன்னேன்."

"அங்க அந்தச் சீனரு மூஞ்சிய பாத்ததும் எல்லாம் கறுப்பு வெள்ளையா ஆயிருச்சாக்கும்" என்று ஒருவன் சொல்ல, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப்பின் எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வரவில்லை. அறையில் சரியாகத் தெரிகிற கண் ஆபீசில் எப்படித் தப்பாகும்? பஸ்ஸில் போகும்போது சிக்னலைப் பார்த்து, பச்சை, பச்சை என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். பஸ் நகர்ந்த பிறகுதான் மூச்சு வரும். படுத்துக்கொண்டு யோசித்தால், சின்ன வயதில் நான் பார்த்த நெல்லும் வானமும்கூட மற்றவர்கள் பார்த்தது இல்லையோ என்று பயம் வந்தது. எனக்கிருந்தால் மகளுக்கும் இருக்குமோ, நர்ஸ் வேலைக்கு மருந்துச் சீசாவின் நிறம் தெரிய வேண்டாமா என்றெல்லாம் மனசு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். ஊருக்குப் போக நேர்ந்தாலும் நேரலாம், மனைவிக்கு ஒரு சேலை எடுத்து வைப்போம் என்றுதான் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கீழக்கரைக்காரர் ஒருவரின் துணிக்கடை. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பனார் காலத்துக் கடை. கூட்டத்தில் அவரிடம் போக முடியவில்லை. கடையில் வேலை செய்கிற பெண்ணிடம், ஊதாவில் ஒரு சேலை காட்டச் சொன்னேன். அந்தப் பெண் அடுக்கிலிருந்து நாலைந்தை எடுத்து விரித்தது. எல்லாம் கத்தரிப்பூ.

"இது இல்லம்மா. ஊதா."

"இதான் ஊதா, அங்கிள்."

"ஊதா கேட்டேன்மா."

"அங்கிள், இது எல்லாமே ஊதாதான்" என்றது அந்தப் பெண், சந்தேகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பார்வை எனக்குப் பழகிப்போயிருந்தது. கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணனுக்கு எந்தப் பக்கம்?"

"பரமக்குடி."

"அப்ப அவருக்கு நீலத்த எடுத்துக் காட்டும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். என்னிடம் திரும்பி, "உங்க ஊரு ஊதா வேற, இங்க ஊதா வேற. எங்க வாப்பாவும் கடைசிவரைக்கும் நீலத்த ஊதான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. பொட்டி மாத்தி மாத்தி எறக்கி நாங்க பட்ட பாடு. இங்க பள்ளிக்கூடத்துல உங்க கத்தரிப்பூவத்தான் ஊதான்னு சொல்லித் தராங்க" என்றார்.

அந்தப் பெண் நீலச் சேலை ஒன்றை விரித்தது. நான் கேட்ட அதே நிறம். சேலையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். சரிவும், குவியலும், மேசைமேல் இருந்த நாடாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் கண்ணில் ஒன்றும் இல்லை. அந்த நிம்மதி வந்த அதே நிமிடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இதை நான் போய் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. நான் மேலதிகாரிகளிடம் சரிங்க என்பதற்கு மேல் பேசியவன் இல்லை. மறுநாள் காலை துடைப்பத்தோடு நின்றுகொண்டு, சூப்பர்வைசர் வரும்வரை அதையே சொல்லிப் பார்த்தேன். வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் தாண்டிப் போனார். பின்னாலேயே போனேன்.

"மேடம், எங்க ஊர்ல நீலத்தத்தான் ஊதான்னு சொல்லுவோம்."

அவர் நின்றார். "என்னண்ணே?"

"அந்தப் பழம் எங்க பக்கம் ஊதா. பூவ கத்தரிப்பூ கலரும்போம். நீங்க ஊதாவ விடச் சொன்னீங்க. நான் ஊதாவ விட்டுட்டேன்."

அவர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. புரிந்ததை அவர் விரும்பவில்லை என்பதும் தெரிந்தது.

"நாம ரெண்டு பேரும் தமிழ்லதானே அண்ணே பேசினோம்" என்றார்.

"ஆமா மேடம்."

"நான் இங்கிலீஷ்லயே விட்டிருந்தா நீங்க படத்தையாவது கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. அவர் அந்த நடையிலேயே ஆபீசுக்குப் போனார். மதியம்வரை வெளியே வரவில்லை. நான் பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "சொல்லிட்டேன் அண்ணே. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்ணுல கோளாறு இல்லன்னா சொல்றது புரியலன்னு அர்த்தம், ரெண்டுல எதுவா இருந்தாலும் ரிஸ்க் ரிஸ்க்தான்னு சொல்றாங்க. வேல கொடுத்தவங்ககிட்ட, அந்த ஆள வேலையிலேர்ந்து எடுத்துட்டோம்னு ஏற்கெனவே எழுதிட்டாங்களாம். இனிமே மாத்தி எழுத மாட்டாங்க."

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க அண்ணே."

அவருக்கும் ஏதோ எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஓட்டுநர்தான் பிறகு சொன்னார். புதுப்பிக்காத பெர்மிட்டுக்கு மிச்சமிருந்த நாட்களில் என்னை அதே சரிவுக்கு அனுப்பினார்கள். நான் பத்திரமாக விட்டுவைத்த பழச் செடிகளையெல்லாம் நானே பிடுங்கினேன். பழம் நசுங்கிக் கை முழுக்க நீலமாயிற்று. அங்கங்கே, என் மண்வெட்டிக்குத் தப்பிய வேர்களிலிருந்து செந்துடோக் துளிர் விட்டிருந்தது. இலையிலேயே இப்போது வித்தியாசம் தெரிந்தது. பழச் செடி தொட்டால் மெத்தென்று இருக்கும், செந்துடோக் கொஞ்சம் சொரசொரப்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓட்டுநர் ஒருநாள் லாரியில் போகும்போது ரேடியோவை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அண்ணே, நீங்க ஊதான்னீங்க, நான் பர்ப்பிள்ன்னேன். நான் தப்பா சொல்லல லா."

"தப்பா சொல்லல தம்பி."

"அதச் சொல்லிட்டுப் போங்க, போதும்" என்றார். பிறகு ரேடியோவை மறுபடி போட்டார்.

மனைவியிடம் சொல்லுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். டிக்கெட் கையில் வந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பெர்மிட் புதுப்பிக்கவில்லை, வருகிறேன் என்றேன்.

"கண்ணு தெரியலன்னு அனுப்புறாகளாமே. ஒங்க ரூமு சிவகங்கைக்காரரு பொண்டாட்டி சொல்லுச்சு. நெசமாங்க?"

"கண்ணுல ஒண்ணும் இல்ல. ஊதாவ ஊதான்னு சொன்னேன். இங்க அத நீலம்னு சொல்லணுமாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"நமக்கு ஒண்ணு. இங்க ஊதான்னா கத்தரிப்பூ கலரு."

"அது எப்பிடிங்க ஊதாவாகும்?"

நான் சரிவைப் பற்றிச் சொன்னேன், செடியைப் பற்றிச் சொன்னேன், நாடாவைப் பற்றிச் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல ஒலித்தது.

"ஊதாவ ஊதான்னு சொன்னதுக்கா ஒரு ஆள வேலைய விட்டு அனுப்புவாக?" என்றாள்.

"செடியையும் மாத்திப் புடுங்கிட்டேன்ல."

"செடியத்தானே புடுங்குனீக. வீட்டையா இடிச்சீக." குரல் மாறியது. "என்னங்க, எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க. குடிச்சீகளா? யாரையும் கைநீட்டிட்டீகளா?"

"இல்ல."

"வேற என்ன செஞ்சீக?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருடம் தூரத்தில் இருந்தபோது ஒரு நாளும் என்னைச் சந்தேகப்படாதவள், இப்போது நான் விட்ட மூச்சைக்கூட எடைபோட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, வாங்க" என்றாள் கடைசியில். "மககிட்டயும் எங்க அண்ணன்கிட்டயும் நான் கண்ணுன்னே சொல்லிக்கிறேன். ஊதாக் கதையெல்லாம் எடுக்காதீக. கண்ணுன்னா நம்புவாக."

சரி என்றேன். இப்போது ஊரில் அப்படித்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் சாலையைக் கடக்கும்போது தெரிந்தவர்கள் யாராவது வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனைவி பக்கத்தில் இருந்தால், பிடிக்கட்டும் என்பதுபோல அவள் வேறு பக்கம் பார்க்கிறாள். நான் கையை உதறுவதில்லை.